கியரில் நின்ற ஜாவா

"அந்த எஞ்சினைப் பிரிக்கணும் சார்" என்றேன்.

கோவர்த்தனன் வாய்க்குக் கொண்டுபோன காபி டம்ளர் பாதியில் நின்றது. முதல் நாளே சொல்லியிருந்தார். சித்தூரில் யாரை வேண்டுமானாலும் விசாரி, என்ன வேண்டுமானாலும் கேள், என் பெரிய பையன் செத்த வண்டியை மட்டும் கேட்காதே என்று. வாசலில் செருப்பைக் கழற்றும்போது என் உதவியாளர் உமாபதியும் அதையே ஞாபகப்படுத்தினார். நான் கேட்டேன். கேட்காதே என்று சொன்னதையெல்லாம் கேட்காமல் இருந்திருந்தால், குப்பத்துக்குப் பக்கத்தில் யார் நிலத்திலோ இன்னும் வேர்க்கடலை பிடுங்கிக்கொண்டிருப்பேன். எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான்.

"இன்னாம்மா கல்பனா பேசற நீ?" டம்ளரை ணங்கென்று வைத்தார். "நான் உன்னை வெச்சது எதுக்கு? முனியப்பனுக்கு என் பையன் மேல ஆத்திரம் இருந்துச்சான்னு நாலு பேரைக் கேட்டுக்கினு வர்றதுக்கு."

"கேட்டேன். ஆத்திரம் இருந்தது நிஜம்தான். அதுக்காக ஒருத்தர் கொலை பண்ணிடுவாரா? எனக்குக்கூட உங்க மேல இப்போ ஆத்திரம்தான்."

உமாபதி இருமினார். அவர் ஆர்டிசி பஸ்ஸில் கண்டக்டராக இருந்து முன்னாடியே ஓய்வு வாங்கிக்கொண்டவர். எல்லாவற்றையும் டிப்போவில் திருப்பிக் கொடுத்தவர் விசிலை மட்டும் கொடுக்கவில்லை. காந்தி சிலை எதிரே ஜெராக்ஸ் கடை மாடியில் இருக்கும் எங்கள் துப்பறியும் ஆபீசுக்கு அவரும் அந்த விசிலும்தான் மொத்த ஆள் பலம். எங்களுக்கு வருவதில் முக்கால்வாசி அமெரிக்க மாப்பிள்ளை விசாரணை. பையன் அங்கே கம்ப்யூட்டர் தட்டுகிறானா, தட்டு கழுவுகிறானா என்று பெண் வீட்டுக்குச் சொல்ல வேண்டும். ஒரு மனிதனின் ஆயுசு மாட்டிக்கொண்ட கேஸ் இதுதான் முதல்.

அந்த மனிதர் மெக்கானிக் முனியப்பன். கோவர்த்தனன் வாலிபத்திலும் பெரிய பையன் அதற்கப்புறமும் ஓட்டிய பழைய ஜாவா மோட்டார் சைக்கிள், ஓடாமல் போய் முனியப்பனின் கொட்டகையில் வருஷக்கணக்காகக் கிடந்தது. "நீயே வெச்சுக்கோடா" என்று இவர் வாயாலேயே சொல்லியிருக்கிறார். அப்புறம் பெங்களூரில் பழைய வண்டிகளுக்கு மவுசு வந்தது. பெரிய பையன் பிரபாகர் போய் வண்டியைத் திருப்பிக் கேட்டான். முனியப்பன் கடைத்தெருவில் நின்று கத்தினார். ஆனாலும் கொடுத்தார். உள்ளே சுற்றும் தண்டான கிராங்குக்குப் புது பேரிங் போட்டு, எஞ்சினை முழுசாகக் கட்டிக் கொடுத்தார்.

அந்த வண்டியில்தான் பிரபாகரும் தம்பி கிரண்குமாரும் திருமலைக்குப் போனார்கள். இறங்கி வரும்போது மலைப்பாதையில் எஞ்சின் இறுகி, பின் சக்கரம் பூட்டிக்கொண்டது. பிரபாகர் அந்த இடத்திலேயே போய்விட்டான். கிரண்குமாருக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. அண்ணன் ஓட்டினான், நான் பின்னால் தூங்கிக்கொண்டிருந்தேன் என்று அவன் போலீசில் சொன்னான்.

போலீஸ் போட்ட கணக்கு சுலபமானது. ஜாவாவில் பழுத்த கை பிரபாகர். அவன் ஓட்டி எஞ்சின் இறுகுகிறதென்றால் குற்றம் வண்டியைக் கட்டியவன் மேல்தான். இந்த டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்குக் கீழே எண்ணெய் தனியாக நிற்காது. பெட்ரோலில் கலந்து ஊற்றுகிற எண்ணெய்தான் கிராங்குக்கும் பேரிங்குக்கும் சோறு. பெட்ரோலோடு வந்தால் உண்டு, வராவிட்டால் பட்டினி. முனியப்பன் வேண்டுமென்றே வெறும் பெட்ரோலை ஊற்றி அனுப்பிவிட்டார் என்று கேஸ் எழுதி ஜெயிலில் வைத்தார்கள். ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. பெயில் கிடைக்கவில்லை.

"என் பையன் ஓட்டறதைப் பாத்திருக்கியா நீ?" கோவர்த்தனன் டம்ளரைத் தள்ளிவைத்தார். "மொகிலி மலை மேல எஞ்சினை அணைச்சான்னா பங்காருபாளையம் வரைக்கும் சத்தமே இல்லாம நியூட்ரல்ல இறங்குவான். ஒரு சொட்டு பெட்ரோல் செலவாகாது. அப்படிப்பட்டவனை அந்தப் பாவி..."

"அதனாலதான் சார் பிரிக்கணும்கறேன்."

"முடியாது. எழுந்து போ."

"பிரிக்கட்டும்."

சமையலறை வாசலில் அவர் மனைவி கிருஷ்ணம்மா நின்றிருந்தார். முந்தானை முடிச்சை அவிழ்த்து, ஜாவா இருக்கும் கொட்டகையின் சாவியை என் முன்னால் வைத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. கோவர்த்தனன் மனைவியை முறைத்த முறைப்பில் கோபத்தைவிட பயம் அதிகமாகத் தெரிந்தது. அதை நான் அப்போது சரியாகப் படிக்கவில்லை.

*

அவருடைய மாங்காய் மண்டிக்குப் பின்னால் தகரக் கொட்டகை. விழுந்த பக்கம் சிராய்த்து, ஹேண்டில் கோணி, ஜாவா சுவரில் சாய்ந்திருந்தது. கிக்கரை மிதித்தேன். அசையவில்லை. உள்ளே கிராங்க் கல்லாக இறுகிக் கிடந்தது.

"பின்னாடி இருந்து தள்ளுங்கண்ணா."

உமாபதி தள்ளினார். பின் சக்கரம் உருளாமல் சிமெண்ட்டில் இழுபட்டது. "நகர மாட்டேன்னுது. வண்டிக்கும் துக்கம் போல."

நான் கிளட்சைப் பிடித்தேன். "இப்போ?"

வண்டி சட்டென்று உருண்டது. முழுப் பலத்தோடு தள்ளியவர் மாங்காய்க் கூடைகளுக்குள் போய் முட்டிக்கொண்டார். "ஹோல்டான்! ஹோல்டான்! சொல்லிட்டுப் புடிக்கக் கூடாதா?"

"கிளட்சைப் புடிச்சா உருளுது, விட்டா நிக்குது. வண்டி இன்னும் கியர்ல இருக்குதுண்ணா."

"இருந்தா இருந்துட்டுப் போவுது."

"பிரபாகர் இறக்கத்துல நியூட்ரல்ல இறங்கற ஆளுன்னு இப்பத்தானே அவங்க நைனா பெருமையா சொன்னாரு?"

உமாபதி சட்டையைத் தட்டிக்கொண்டார். "ஸ்டேஷன்ல இருந்து லாரியில ஏத்தினவன் எவனாவது மிதிச்சிருப்பான்."

அதுவும் நடக்கக்கூடியதுதான். அதனால் இது ஒன்று மட்டும் போதாது. நான் கார்புரேட்டரைக் கழற்றினேன். எஞ்சினுக்குள் போவதற்கு முன் பெட்ரோல் கடைசியாகத் தங்குகிற சின்னக் கிண்ணம் அதன் அடியில் இருக்கிறது. பெட்ரோல் எப்போதோ ஆவியாகியிருந்தது. கிண்ணத்தில் விரலை விட்டுத் துடைத்து, உமாபதி கையிலிருந்த பேப்பரில் தேய்த்தேன். பக்கத்தில் இன்னொரு ஓரத்தில் என் மொபெட்டுக்காக இன்னும் எண்ணெய் கலக்காமல் பாட்டிலில் வைத்திருந்த வெறும் பெட்ரோலை ஒரு சொட்டு விட்டேன்.

"பேப்பர்ல கோலம் போடறதுக்கா டிகிரி படிச்சே?"

"கொஞ்சம் பொறுங்க."

வெறும் பெட்ரோல் விட்ட இடம் காய்ந்து சுவடே இல்லாமல் போனது. கிண்ணத்தைத் துடைத்துத் தேய்த்த இடத்தைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டினேன். மறுபக்கம் தெரிந்தது.

உமாபதி எட்டிப் பார்த்தார். "வடை மடிச்ச பேப்பர் மாதிரி இருக்குது."

"வடையிலே எண்ணெய் இருந்தாத்தானே பேப்பர் இப்படி ஆவும்?"

விளையாட்டு அவர் முகத்தை விட்டுப் போனது. "அப்போ முனியப்பன் எண்ணெய் கலந்துதான் ஊத்தியிருக்கான்."

"கலந்திருக்காரு. புது பேரிங்னு கொஞ்சம் தாராளமாவே கலந்திருக்காரு."

"சோறு நிறைய இருக்குது. அப்புறம் எஞ்சின் ஏம்மா பட்டினியில செத்துச்சு?"

எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று ஒத்துக்கொள்ள எரிச்சலாக இருந்தது. கிண்ணத்தைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டிக்கொண்டேன். "திருப்பதி பஸ் எத்தனை மணிக்கு?" என்றேன்.

"கண்டக்டர் கிட்டயே கேக்கறியா? ஓடினா புடிக்கலாம்."

*

திருமலைக்குப் போய், அடுத்த பஸ்ஸிலேயே கீழே இறங்கினோம்.

"மலை ஏறி வந்து சாமியைப் பாக்காம இறங்கற பாவிங்க இந்த பஸ்ஸிலேயே நம்ம ரெண்டு பேருதான்" என்றார் உமாபதி. சுற்றிலும் மொட்டைத் தலைகள். ஒவ்வொரு தலையிலும் சந்தனம். எங்கள் முன் சீட்டில் ஒரு சின்னப் பையன் தூங்கித் தூங்கி அவன் அப்பா தோளில் விழுந்துகொண்டிருந்தான்.

வளைவுக்கு முன்னால் டிரைவர் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தார். எஞ்சின் உறுமியது. பஸ்ஸை யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பது போல வேகம் அடங்கியது. ஓரத்தில் ஒரு போர்டு கடந்தது. இறக்கத்தில் கியரிலேயே செல்லவும், எஞ்சினை நிறுத்த வேண்டாம் என்று தெலுங்கிலும் தமிழிலும் எழுதியிருந்தது.

"அது எங்கள மாதிரி ஆளுங்களுக்கு எழுதினது" என்றார் உமாபதி. "நியூட்ரல்ல விட்டா பிரேக் சூடேறி பஸ் நேரா பள்ளத்துக்குத்தான். எஞ்சின்தான் புடிச்சு நிறுத்தணும்."

"எஞ்சின் புடிச்சு நிறுத்தும்போது அதுக்குள்ள பெட்ரோல் எவ்ளோ போவும்?"

"காலை எடுத்தாச்சே. ஏதோ பேருக்குக் கொஞ்சம்."

நான் எழுந்து நின்றுவிட்டேன். மேல் கம்பியில் தலை இடித்தது.

"அண்ணா, போன மழைக்கு முன்னாடி மொகிலி இறக்கத்துல என் மொபெட் நின்னு போச்சே, ஞாபகம் இருக்குதா?"

"மறப்பேனா? பங்காருபாளையம் வரைக்கும் தள்ளிக்கினு வந்தவன் நான்தானே."

"டேங்க்ல எண்ணெய் கலந்த பெட்ரோல் இருந்துச்சு. நான் ஆக்ஸிலேட்டரைச் சுத்தமா மூடிட்டு இறங்கினேன். சக்கரம் எஞ்சினை வேகமா சுத்த வைக்குது. பெட்ரோல் வரலை. பெட்ரோல் வரலைன்னா அதுல கலந்த எண்ணெயும் வரலை. கிராங்க் பட்டினியா சுத்துது. மொபெட்டா இருந்ததால நான் பொழைச்சேன்."

உமாபதி வாய்க்குள்ளேயே முனகினார். "புது பேரிங், இறுக்கமான எஞ்சின், மலை முழுக்க இறக்கம்..."

"பஸ்ஸுக்கு அந்த போர்டு சரி. எண்ணெய் தனியா நிக்கற ஃபோர் ஸ்ட்ரோக் பைக்குக்கும் சரி. ஜாவாவுக்கு அது எமன். பிரபாகர் அந்த போர்டை ஒரு நாளும் மதிச்சிருக்க மாட்டாரு. எஞ்சினை அணைச்சு நியூட்ரல்ல விட்டா கிராங்க் சுத்தவே சுத்தாது, பட்டினியும் இல்லை. போர்டை மதிக்கற யாரோ ஒருத்தர் ஓட்டியிருக்காங்க."

"வண்டியில போனதே ரெண்டு பேரு" என்றார் உமாபதி.

*

கிரண்குமார் திருப்பதி பவானி நகரில் மாமா வீட்டில் இருந்தான். தோள்பட்டைக்கு வைத்தியம் நடந்துகொண்டிருந்தது. கையைத் தொட்டில் போலத் தூக்கிக் கட்டியிருந்தார்கள். மேஜை மேல் கம்ப்யூட்டர் புத்தகங்கள், கோட்டும் டையுமாக எடுத்த போட்டோக்கள். இரண்டாயிரம் பிறந்தால் கம்ப்யூட்டர்களெல்லாம் தேதி குழம்பிவிடும் என்று அமெரிக்கக்காரன் ஆள் பிடித்துக்கொண்டிருந்த வருஷம் அது. பெங்களூரில் வேலை பார்த்த இவனையும் பிடித்திருந்தான். வெள்ளிக்கிழமை மெட்ராஸில் விசா இண்டர்வியூ.

"உட்காருங்க மேடம். நைனா போன் பண்ணாரு." குரலில் மரியாதை இருந்தது. கண்ணில் தூக்கமே இல்லை.

"ஒரே ஒரு சந்தேகம். அண்ணன் எப்படி இறங்கினாரு? வழக்கம் போல எஞ்சினை அணைச்சிட்டா?"

"இல்லைங்க. கியர்ல வரணும்னு போர்டே இருக்குதே. தேர்ட் கியர்லதான். ஆக்ஸிலேட்டரைச் சுத்தமா விட்டாச்சு, ஸ்மூத்தாத்தான் வந்துக்கினு இருந்தது. திடீர்னு லாக் ஆச்சு."

"பின்னாடி தூங்கிக்கினு இருந்ததா ஸ்டேஷன்ல சொல்லியிருக்கீங்க."

அவன் தண்ணீர் டம்ளரை எடுத்தான். "அரைத் தூக்கம்."

"அரைத் தூக்கத்துல கியர் எண்ணற ஆளை இப்பத்தான் பாக்கறேன்" என்றார் உமாபதி. "நான் முழுசா முழிச்சுக்கினு டிக்கெட் எண்ணியே காசு ஷார்ட் விழும்."

"பெங்களூர்ல என்ன பைக் வெச்சிருக்கீங்க?" என்றேன்.

"ஃபோர் ஸ்ட்ரோக். ஏன்?"

"சும்மா. அண்ணன் மொட்டை போட்டுக்கினாரா அன்னிக்கு?"

"எனக்காகத்தான்." அவன் கண் கலங்கியது. அது நடிப்பில்லை. "என் விசாவுக்கு அவரு வேண்டிக்கினாரு. என்னைப் போடக் கூடாதுன்னுட்டாரு. பாஸ்போர்ட் போட்டோவுல முடி இருக்குது, மொட்டையோட போனா வெள்ளைக்காரன் குழம்பிடுவான், உனக்கும் சேத்து நான் போட்டுக்கறேன்டான்னாரு. ராத்திரி பூரா க்யூ. காலைல இறங்கும்போது வெயில் சுரீர்னு இருந்துச்சு. தலை எரியுதுன்னு மறுபடி சந்தனம் வாங்கிப் பூசிக்கினாரு."

"நீங்க அன்னிக்குப் போட்டிருந்த சட்டை இங்கே இருக்குதா?"

"ஊர்ல அம்மாகிட்ட இருக்குது. துவைக்கவே விட மாட்டேன்றாங்க. அதுல அண்ணன் வாசனை இருக்குதாம்."

சொல்லி முடித்த பிறகுதான் அவன் தான் சொன்னதைக் கேட்டான். முகம் வெளுத்தது. உமாபதி கையிலிருந்த விசிலை மெல்லப் பைக்குள் போட்டார்.

நாங்கள் கேட் வரைக்கும் வந்த பிறகு பின்னாலேயே ஓடி வந்தான். "மேடம், முனியப்பன் அண்ணனுக்கு பெயில் கெடைச்சுடும்ல?"

"அது உங்க கையில இருக்குது" என்றேன். "உடையாத கையில."

*

விளக்கு வைக்கிற நேரத்துக்குச் சித்தூர் திரும்பினோம். கூடத்தில் கோவர்த்தனன் எங்களுக்காகவே உட்கார்ந்திருந்தார். திருப்பதியிலிருந்து போன் வந்துவிட்டது என்று முகமே சொன்னது.

நான் கிருஷ்ணம்மாவிடம் நேராகக் கேட்டேன். "கிரண் சட்டையைக் காட்டுங்கம்மா."

அவர் மறுக்கவில்லை. உள்ளே போய் எடுத்து வந்தார். நீலக் கட்டம் போட்ட சட்டை. முன்பக்கம் மண்ணும் கிழிசலும். திருப்பினார். பின்பக்கம், வலது தோளுக்குக் கீழே, காய்ந்து வெடித்த சந்தனம். ஒரு தலை சாய்ந்து, நழுவி, மறுபடி சாய்ந்த தடம். பஸ்ஸில் தூங்கிய சின்னப் பையன் அவன் அப்பா தோளில் விட்ட அதே தடம்.

"அவரைத் தூக்கும்போது பட்டிருக்கலாமே" என்றார் உமாபதி, யாருக்காவது ஒரு வழி விட வேண்டும் என்பது போல.

"எலும்பு உடைஞ்சு அவனால நகரவே முடியலை, பஸ்ஸில வந்தவங்கதான் தூக்கினாங்கன்னு ஸ்டேஷன்ல அவனே எழுதிக் கொடுத்திருக்கான். பின்னாடி உட்கார்ந்தவன் தலைதான் முன்னாடி உட்கார்ந்தவன் முதுகில படும்."

"தூங்கிட்டான்மா" என்றார் கிருஷ்ணம்மா. "ராத்திரி பூரா நின்னவன். நீ ஓட்டுடா, கண்ணு சொக்குதுன்னு தம்பிகிட்ட வண்டியைக் குடுத்துட்டு, அவன் தோள்லயே தூங்கிட்டான். ஆஸ்பத்திரியிலேயே சின்னவன் என்கிட்ட அழுதுக்கினே சொன்னான்."

"தெரிஞ்சேதான் சாவியைக் குடுத்தீங்களா?"

"முனியப்பன் எண்ணெய் ஊத்தலைன்னு இவரு சொன்னதை நானும் நம்பினேன். அது மட்டும் நிஜமா இருந்துட்டா, யாரு ஓட்டினா என்னன்னு தூங்கலாமேன்னு பாத்தேன். வண்டியைப் பிரிச்சா அது தெரியும்னுதான் குடுத்தேன்."

"எண்ணெய் இருந்துச்சும்மா" என்றேன்.

அவர் சட்டையை மார்போடு சேர்த்துக்கொண்டார்.

கோவர்த்தனன் எழுந்தார். அதட்டல் எல்லாம் போயிருந்தது. "கல்பனா, வேணும்னு செய்யலம்மா அவன். போர்டுல எழுதினதைத்தானே செஞ்சான்? கேஸுன்னு பேரு வந்தா விசா போச்சு. ஒருத்தனைக் குடுத்துட்டேன். இவனாவது போய்ச் சேரட்டும். அப்புறம் முனியப்பன் கேஸை நானே தளர்த்திடறேன். அதுவரைக்கும் அவன் குடும்பத்தை நான் பாத்துக்கறேன்."

அந்தக் கடைசி வாக்கியத்தை அவர் சொல்லாமல் இருந்திருந்தால் ஒருவேளை நான் ஒரு நிமிஷம் தயங்கியிருப்பேன். எங்கள் அப்பாவுக்குக் கால் போனபோது நிலத்துக்காரர் வாசலில் நின்று சொன்ன அதே வாக்கியம். அவரும் கெட்டவர் இல்லை. அவரும் நிஜமாகவே பார்த்துக்கொள்வதாகத்தான் நினைத்தார்.

"உங்க பையன் வெள்ளிக்கிழமையை விட முடியாது. முனியப்பன் மட்டும் எத்தனை வெள்ளிக்கிழமையை வேணும்னாலும் விடலாம், இல்லையா சார்? விபத்துன்னு அன்னிக்கே உண்மையைச் சொல்லியிருந்தா உங்க பையன் ஜெயிலுக்குக்கூடப் போயிருக்க மாட்டான். கொலைகாரன்னு ஒருத்தரை நீங்கதான் உண்டாக்கினீங்க."

நான் கிருஷ்ணம்மாவிடம் கையை நீட்டினேன். "சட்டையைக் குடுங்கம்மா."

அவர் என்னைப் பார்த்தார். காலையிலிருந்து முதல் தடவையாக நேராகப் பார்த்தார். பிறகு திரும்பிப் பின்கட்டுக்கு நடந்தார். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. நான் ஓடினேன்.

சட்டை வாளிக்குள் இருந்தது. ஒரு மாதத்துக்கு மேல் யாரையும் தொடவிடாத அந்தத் தடத்தை அவர் இரண்டு கையாலும் கசக்கிக்கொண்டிருந்தார். தண்ணீர் மஞ்சளாக ஓடியது. சந்தன வாசனை முற்றம் முழுக்க எழுந்தது. அவர் வாயைத் திறந்து அழுதார், கை மட்டும் நிற்கவில்லை. பெரியவனிடம் மிச்சமிருந்ததைக் கழுவிச் சின்னவனைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்.

பிடுங்கியிருக்கலாம். பாதித் தடம் அப்போதும் இருந்தது. உமாபதி என் பக்கத்தில் வந்து நின்று, "எடுக்கட்டுமா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"வேணாம்."

"அதுதாம்மா பெரிய சாட்சி."

"தெரியும்."

எனக்குக் கோபம் வந்தது. அவர் மேல் இல்லை, அவர் மேல் வர வேண்டிய கோபம் வரவில்லையே என்று என் மேல். கைப்பையைத் திறந்து பார்த்துக்கொண்டேன். பிளாஸ்டிக் பையில் கார்புரேட்டர் கிண்ணம், எண்ணெய் ஊறிய பேப்பர். கியரில் நிற்கும் ஜாவா கொட்டகையில் இருக்கிறது. தேர்ட் கியர், மூடிய ஆக்ஸிலேட்டர் என்று கிரண் சொன்னதைக் கேட்டவர்கள் இரண்டு பேர். முனியப்பனை வெளியே கொண்டுவர இது போதுமா என்று தெரியாது. போதவில்லை என்றால் வெள்ளிக்கிழமை காலை மெட்ராஸில் அமெரிக்கக் கான்சுலேட் வாசலிலேயே போய் நிற்பேன்.

"அம்மா" என்றேன். அவர் தலை நிமிரவில்லை. "இந்தச் சட்டையைப் பத்தி நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். மத்ததை எல்லாம் சொல்வேன்."

குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. நான் கூடத்தைத் தாண்டும்போது கோவர்த்தனன், "எங்கம்மா போற?" என்றார். முனியப்பனின் வக்கீல் வீடு சர்ச் தெருவில் என்று நேற்றே விசாரித்து வைத்திருந்தேன். அதை அவருக்குச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை.

செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினேன். பின்னால் உமாபதி ஓட்டமும் நடையுமாக வந்தார்.